ஸ்கூட்டருக்குச் சரியான ஸ்பார்க் பிளக்

பிளக் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது மரையின் நீளத்தைத்தான். நீளம் கூடினால் பிஸ்டன் அதில் மோதி எஞ்சினே பாழாகலாம். பிளக் எவ்வளவு விரைவாக வெப்பத்தை வெளியேற்றும் என்பதைக் காட்டும் வெப்ப எண்ணிலும் கவனம் தேவை: என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த பிளக், அதாவது வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது; போஷ் நிறுவனத்தில் நேர்மாறு. ஆகவே வண்டியின் கையேட்டில் உள்ள குறியீட்டையே கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியபின், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றிவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டியையும் கார்புரேட்டரையும் பாருங்கள். பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

புதியதன் முனையில் பொறி பறக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, கையாலேயே மரையேற்றுங்கள். பிளக் பொருந்தும் சிலிண்டர் ஹெட் அலுமினியம்; சாய்ந்து ஏறினால் அதன் மரை கெட்டுவிடும். வாஷர் தொட்டபின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்.