மனம் கனக்கும் நாளுக்காக முன்பே கதைகளை இறக்கி வையுங்கள்

ஏற்கெனவே படித்து மனதுக்குப் பிடித்துப்போன ஃபேன் ஃபிக்‌ஷன் (பிடித்த நாவல், படம், தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும்) கதைகளில் நான்கைந்தை, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைய நண்பர்கள் எழுதிய ஆறுதலான செய்திகளையும் வாட்ஸ்அப்பில் நட்சத்திரமிட்டு வையுங்கள். இத்தகைய கதைகள் வெளியாகும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில், கதையின் மேற்பகுதியில் உள்ள ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தினால், இபப் (மின்னூல்) அல்லது பிடிஎஃப் கோப்பாகக் கட்டணமின்றிக் கிடைக்கும்.

முடிவு தெரிந்த கதையில் அதிர்ச்சி எதுவும் காத்திருப்பதில்லை. பதற்றமான நேரத்தில் எதைப் படிப்பது என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. இரண்டு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில் இதன் அருமை இன்னும் கூடுதல்: 2017 ஒக்கிப் புயலின்போது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சிக்னல் போன இரவிலும் இறக்கி வைத்த கதை திறக்கும். அமெரிக்காவில் நண்பர் இருந்தால், ‘பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்’ என்று முன்பே பேசி வைப்பதும் நல்லது. நமக்கு நள்ளிரவாகும்போது அங்கே பகல்.

பாதியில் நிற்கும் தொடர்கதைகள் இதற்கு உதவா. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, கதையையும் நண்பரையும் மட்டும் நம்பியிராமல், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ உடனே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.