உயிரினங்களின் பரிணாம உறவைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோற்றத்தில் ஒத்திருக்கும் இரண்டு உயிரினங்கள் நெருங்கிய உறவுடையவை என்று முடிவுகட்டுவதே பலரும் செய்யும் முதல் தவறு. சுறாவும் டால்பினும் வடிவில் ஒன்றுபோல இருந்தாலும் சுறா மீன், டால்பின் பாலூட்டி. விரைந்து நீந்த வேண்டிய தேவை அவ்வடிவத்தை இரண்டிலும் தனித்தனியே உருவாக்கியது.

இதைவிட நுட்பமான தவறு, தொன்மையான ஒற்றுமைகளை நெருங்கிய உறவுக்குச் சான்றாகக் கொள்வது. முதலைக்கும் பல்லிக்கும் பொதுவான நான்கு கால் நடையும் செதில் தோலும் மிகப் பழைய மூதாதையிடமிருந்தே வந்தவை. அவற்றை இழந்த கிளைகளும் உண்டு என்பதால், அவை எஞ்சியிருப்பது மட்டும் நெருக்கத்தைக் காட்டாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அதன் வழித்தோன்றல்களுக்கு மட்டும் சென்ற பண்புகளே உறவைச் சொல்லும் என்று ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வலியுறுத்தினார். அந்த அளவுகோலில் முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியன்று, பறவையே. நான்கு அறை கொண்ட இதயம் அவ்விரண்டுக்கும் உண்டு, பல்லிக்கு இல்லை. ஆனால் பாலூட்டிகளிலும் அதே இதயம் தனியாகத் தோன்றியிருப்பதால், ஒரே பண்பை நம்பிப் பரிணாம மரத்தை, அதாவது உறவுகளைக் கிளைகளாகக் காட்டும் படத்தை, வரையவே கூடாது.

மரபணுவுக்கும் இது பொருந்தும். உட்செவியில் செயல்படும் பிரெஸ்டின் புரதத்தை மட்டும் கொண்டு மரம் வரைந்தால், எதிரொலியால் இரை தேடும் வௌவால்களும் டால்பின்களும் ஒரே கிளையில் சேர்ந்துவிடுகின்றன. 2012இல் வெளியான கொரில்லா மரபணுத்தொகை ஆய்வும் கவனிக்கத்தக்கது: மனிதனும் சிம்பன்சியுமே மிக நெருங்கிய இனங்கள் என்றாலும், மரபணுத்தொகையின் சுமார் 30 விழுக்காட்டில் அவ்விரண்டில் ஒன்று மற்றதைவிடக் கொரில்லாவையே அதிகம் ஒத்திருக்கிறது. மூதாதைக் கூட்டத்தில் இருந்த மரபணு வேறுபாடுகள் கிளைகளுக்குச் சீராகப் பிரிந்து செல்லாததே இதற்குக் காரணம்.

மரத்தை வாசிப்பதிலும் பிழைகள் நேர்கின்றன. நுனிகள் அடுத்தடுத்து இருப்பது உறவைக் காட்டாது. கிளைகள் பிரியும் புள்ளியான கணு எதிலும் கிளைகளை இடம் மாற்றி வரையலாம் என்பதால், பொதுக் கணு எவ்வளவு அண்மையது என்பதையே பார்க்க வேண்டும். மனிதன் சிம்பன்சியிலிருந்து வந்தவனல்லன். இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை.

புதைபடிவங்களை ஒதுக்குவதும் தவறுதான். திமிங்கிலத்துக்கு நீர்யானையே நெருங்கிய உறவு என்று 1990களில் மரபணுச் சான்றுகள் காட்டியபோது, பற்களை வைத்து அதை அழிந்துபோன ஊனுண்ணிகளோடு இணைத்திருந்த ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. பாகிஸ்தானில் கிடைத்த பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் 2001இல் விவரிக்கப்பட்டன. நீர்யானை உள்ளிட்ட இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய, இருபுறமும் கப்பி போன்ற அமைப்பு அவற்றில் தெளிவாக இருந்தது.