மழையை அளந்தபின் பருவத்துக்குப் பெயர் வைப்போம்: தொடக்கப் பள்ளி வகுப்புக்கு ஒரு செய்முறை

பருவகாலப் பாடத்துக்குக் கடையில் விற்கும் வண்ணப்படத்தை வாங்கி மாட்டியதுமே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அதில் நான்கு கட்டங்கள் இருக்கும்: பூத்துக் குலுங்கும் மரம், சுட்டெரிக்கும் வெயில், சிவந்து உதிரும் இலை, வெள்ளைப் பனியில் குல்லாய் போட்ட பொம்மை. திருவண்ணாமலையிலோ தூத்துக்குடியிலோ படிக்கும் குழந்தைக்கு இதில் நன்றாகத் தெரிந்தது வெயில் ஒன்றுதான். அடைமழைக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. நம் ஊரின் முக்கியமான பருவமே பாடத்திலிருந்து விடுபட்டுப் போகிறது.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் பள்ளி வளாகத்தின் மழை, வெப்பம், காற்று ஆகியவற்றைக் குழந்தைகளே தினமும் குறிக்கட்டும். இரண்டு மூன்று மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு பருவத்தின் பெயர்களைச் சொல்லுங்கள். இன்று வெளியே நடப்பது வானிலை. பல நாள் குறிப்பில் திரும்பத் திரும்பத் தெரிவது பருவம். இந்த வேறுபாட்டைச் சொல்லி விளங்கவைப்பது கடினம், குறிப்பேட்டில் காட்டுவது எளிது. 1, 2ஆம் வகுப்புகளுக்கு வெயில், மேகம், மழை என்று படக்குறி போட்டாலே போதும். எண்ணாக அளப்பதை 3ஆம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

மழைமானி செய்வது

தேவையானவை: 2 லிட்டர் குளிர்பான பாட்டில், கூழாங்கல் இரண்டு கைப்பிடி, அழியாத மை மார்க்கர், 30 செ.மீ. ஸ்கேல், செங்கல் நான்கு, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உடல் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டிலில் தண்ணீர் ஒடுங்கிய இடத்தில் வேகமாக ஏறும், அளவு தவறிவிடும். வரிவரியாகப் பள்ளம் விழுந்த பாட்டிலும் வேண்டாம்.

1. கழுத்துச் சரிவு முடிந்து உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் கோடு போட்டு வெட்டுங்கள். வெட்டுவது ஆசிரியரின் வேலை. விளிம்பு கையைக் கிழிக்கும். அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

2. அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கிருந்து அளந்தால் எந்த எண்ணும் சரியாக வராது. கூழாங்கல்லைப் போட்டு, கல் மூழ்கி, அதற்கு மேலும் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கும்வரை ஊற்றுங்கள். அந்த நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு 0 என்று எழுதுங்கள். கல் எதுவும் கோட்டுக்கு மேல் தலைநீட்டக் கூடாது.

3. அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு அரை சென்டிமீட்டருக்கும் கோடு போடுங்கள். காகித அளவுகோலை ஒட்டினால் முதல் மழையிலேயே ஊறி உரிந்துவிடும். பாட்டிலின் மேலேயே எழுதுங்கள்.

4. வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே வையுங்கள். மூடியைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலம் என்பதால் இந்த மானிக்குக் கணக்கே தேவையில்லை. உள்ளே 1 செ.மீ. தண்ணீர் ஏறினால் 10 மி.மீ. மழை. வேறு பெரிய புனலைச் செருகினால் அது அதிகப் பரப்பின் மழையைச் சேர்த்துவிடும், அளவு கூடிக் காட்டும். பெரிய புனல் நல்லதுதானே என்று எந்தக் குழந்தையாவது கேட்டால், வகுப்பை நிறுத்திவிட்டு இரண்டு மானிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வைக்கும் இடமும் படிக்கும் முறையும்

கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். 4 மீட்டர் உயர வகுப்பறை என்றால் 8 மீட்டர் தூரம். வேப்பமரத்தடியில் வைத்த மானி முதலில் குறைவாகவும், மழை நின்றபின் இலைச்சொட்டால் அதிகமாகவும் காட்டும். சிமெண்ட் தரையில் வைத்தால் துளி தெறித்து உள்ளே விழும்; புல்லோ மணலோ நல்லது. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஒரு செங்கல்லின் மேல் நிறுத்தி, மீதிச் செங்கற்களைப் பக்கத்தில் அணைத்துவிட்டால் காற்றில் சாயாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து, அதுவரையிலான 24 மணி நேர மழையாகப் பதிகிறது. உங்கள் பள்ளிக்குக் காலை வழிபாடு முடிந்த நேரம் வசதி என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் ஒரே நேரம்.

படிக்கும் முன் புனலை வெளியே எடுங்கள். அதன் கழுத்து தண்ணீரில் மூழ்கியிருந்தால் மட்டம் உயர்ந்து தெரியும். பிறகு குழந்தை குனிந்து கண்ணைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகும். தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறி நடுவில் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த இடத்தையே படிக்கச் சொல்லுங்கள்.

தூறல் நாளில் கோடு தெளிவாகப் பிடிபடாது. அப்போதுதான் சிரிஞ்சு வேண்டும். 0 கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரை உறிஞ்சி எடுத்து எத்தனை மில்லி என்று எண்ணுங்கள். பாட்டிலின் குறுக்களவு 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 8 மில்லிக்கு 1 மி.மீ. மழை, 11 செ.மீ. என்றால் ஒன்பதரை மில்லி. 24 மில்லி வந்தால் 10 செ.மீ. பாட்டிலில் 3 மி.மீ.

படித்தவுடன் மட்டத்தை 0 கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வறண்ட நாளில் தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போயிருக்கும், ஊற்றி நிரப்புங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்து பெய்யும் மழையில் ஒரு பங்கு கணக்கில் வராது. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை முழுவதும் கொட்டி மாற்றுங்கள்.

திங்கள்கிழமைதான் எல்லோரையும் குழப்பும். வெள்ளி காலையிலிருந்து பெய்த மூன்று நாள் மழையும் ஒன்றாகக் கிடக்கும். அதை மூன்றால் வகுத்து மூன்று கட்டங்களில் எழுதாதீர்கள். நடக்காத ஒன்றைக் குறித்ததாகிவிடும். மொத்தத்தை எழுதி, பக்கத்தில் '3 நாள்' என்று குறியுங்கள். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் மாலையிலும் ஒருமுறை அளந்துவிட்டு மறுநாள் காலை அளவோடு கூட்டுங்கள், இல்லையென்றால் பாட்டில் வழிந்துவிடும். இடி இடிக்கும்போது யாரும் மைதானத்துக்குப் போக வேண்டாம்.

மழைநாடா

வரைபடத் தாளில் பட்டை வரைவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நீலச் சார்ட்டை 2 செ.மீ. அகல நாடாவாக வெட்டி வையுங்கள். 1 செ.மீ. தண்ணீர் ஏறினால் 1 செ.மீ. நாடா. எத்தனை பெய்ததோ அதே நீளத்தை வெட்டித் தேதிக்கு மேல் நிமிர்த்தி ஒட்ட வேண்டும். மூன்று நாள் அளவுக்குப் பச்சை நாடா. அளவுத்திட்டம் எதுவும் இல்லாமல், பெய்த மழை அதன் உண்மையான உயரத்திலேயே சுவரில் நிற்கும்.

சுவரில் மூன்று குறுக்குக் கோடுகள் போடுங்கள்: ஆறரை, பதினொன்றரை, இருபதரை செ.மீ. உயரங்களில். வானிலை அறிக்கையில் 64.5 மி.மீ.யிலிருந்து கனமழை, 115.6 மி.மீ.யிலிருந்து மிகக் கனமழை, 204.5 மி.மீ.யிலிருந்து அதிகனமழை. தொலைக்காட்சியில் வரும் சொற்களுக்கு உயரம் உண்டு என்று குழந்தைக்கு அப்போது புரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த நீளத்துக்கு நாடா வெட்டி ஒரு குழந்தையின் பக்கத்தில் பிடித்துக் காட்டுங்கள், விளக்கம் தேவைப்படாது.

மாத முடிவில் நாடாக்களைக் கழற்றி முனையோடு முனை ஒட்டிச் சுருட்டி, மாதப் பெயர் எழுதி வையுங்கள். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவில் இருக்கும். மூன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரத்தைவிட நீளமான நாடா அது.

வெப்பமும் காற்றும்

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பயன்படுத்தாதீர்கள். அது உடல் வெப்பத்துக்கானது, ஏறிய அளவிலேயே நின்றுவிடும். அறை வெப்பமானி, சிவப்புத் திரவம் உள்ளது, வாங்குங்கள். பாதரசம் குழந்தைகள் கைக்கு வேண்டாம். வெயில் படாத வடக்குத் தாழ்வாரத்தில், குழந்தையின் கண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் ஒரு கட்டையில் தொங்கவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கூரையின் சூட்டைத்தான் காட்டும். குமிழைக் கையால் பிடித்துப் படிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. காலை ஒரு முறை, பிற்பகல் 2 மணிக்கு ஒரு முறை குறித்தால் போதும்.

காற்றுக்கு ஒரு மூங்கில் கழியில் அரை மீட்டர் துணிநாடா கட்டுங்கள். நாடா தெற்கே பறந்தால் தெற்குக் காற்று என்றுதான் குழந்தைகள் எழுதுவார்கள். காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. முகத்தில் காற்று அறையும்படி திரும்பி நிற்கச் சொல்லுங்கள். எந்தத் திசையைப் பார்க்கிறார்களோ அதுவே காற்றின் பெயர். தமிழில் இதற்கு அழகான சொற்கள் இருக்கின்றன: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பதிவேட்டில் இவற்றையே எழுதவையுங்கள். ஆடியில் மேல்காற்றாக இருந்தது ஐப்பசியில் கீழ்த்திசைக்குத் திரும்புவதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். பருவமழை என்பதே அந்தத் திருப்பம்தான். ஜூன் முதல் வீசும் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் கொட்டிவிட்டு வருகிறது. அக்டோபருக்குப் பின் வரும் காற்று வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தோடு நம்மிடம் வருகிறது.

'பனி' என்ற சொல்

தமிழில் இந்த ஒரு சொல் புல்லில் முத்தாக நிற்கும் ஈரத்தையும் குறிக்கும், இமயமலையில் உறைந்து கிடப்பதையும் குறிக்கும். படத்தில் வெள்ளைப் பொம்மையைக் காட்டிப் 'பனிக்காலம்' என்றால், மார்கழிக் காலையில் தான் மிதித்து வந்த பனியைக் குழந்தை அதோடு சேர்க்காது. ஒரு சில்வர் டம்ளரில் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு மேசையில் வையுங்கள். சில நிமிடங்களில் டம்ளரின் வெளிப்புறம் மங்கும், பின் துளி துளியாக வியர்க்கும். தண்ணீர் ஒழுகுகிறது என்பார்கள். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுங்கள்: துணியில் சிவப்பு இல்லை. அந்தத் துளி காற்றிலிருந்து வந்தது. குளிர்ந்த புல்லில் நடப்பதும் இதுவே. சாயம் போடாமல் செய்தால் 'ஒழுகல்' என்ற எண்ணம் போகாது.

பருவச் சக்கரம்

டிசம்பர் வாக்கில் பெயர்களுக்கு வரலாம். அட்டையில் வட்டம் வரைந்து 12 பாகமாகப் பிரித்து ஜனவரி முதல் எழுதுங்கள். அதன் மேல் சிறிய வட்டத்தில் தமிழ் மாதங்கள். இரண்டு வட்டத்தின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடாதீர்கள். சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 வாக்கில். எனவே உள்வட்டத்தை அரைக் கட்டம் நகர்த்தி, நடுவில் பொத்தான் ஊசி குத்துங்கள்.

உள்வட்டத்தில் இரண்டிரண்டு மாதமாகப் பெரும்பொழுது, அதாவது தமிழ் மரபின் பருவங்கள், ஆறும் வரும்: ஆவணி, புரட்டாசி - கார்; ஐப்பசி, கார்த்திகை - கூதிர்; மார்கழி, தை - முன்பனி; மாசி, பங்குனி - பின்பனி; சித்திரை, வைகாசி - இளவேனில்; ஆனி, ஆடி - முதுவேனில். இனி மழைநாடாச் சுருள்களை அந்தந்த மாதத்துக்கு நேராக வையுங்கள். சென்னையில் கார்காலத்தைவிடக் கூதிரில்தான் நாடா நீண்டிருக்கும், கன்னியாகுமரியிலோ வால்பாறையிலோ ஜூனிலேயே நீளும். 'ஐப்பசி அடைமழை' என்ற சொலவடை உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று நாடாவை வைத்துக் குழந்தைகளே தீர்ப்புச் சொல்லட்டும். சக்கரத்தோடு பொருந்தாவிட்டால் அவர்கள் அளந்ததைத் திருத்தாதீர்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு மட்டும்: நிழற்குச்சி

சூரியன் கிட்டே வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்பது பெரியவர்களிடமும் உள்ள தவறான எண்ணம். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில்! காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. அதை நிழலில் காட்டலாம்.

தரைக்கு மேல் 1 மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சியை நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி 11.40 மணியிலிருந்து 12.40 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்முனையில் ஆணி குத்தி, மிகக் குட்டையான நிழலை அளந்து எழுதுங்கள். நம் ஊர் நண்பகல் சரியாக 12 மணிக்கு வருவதில்லை, மாதத்துக்கு மாதம் சற்று முன்பின் நகரும். சென்னையில் டிசம்பரில் நிழல் 74 செ.மீ. அளவுக்கு வடக்கே நீளும். மார்ச்சில் 23 செ.மீ. ஆகச் சுருங்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நிழலே இருக்காது. ஜூனில் 18 செ.மீ. நிழல் தெற்கே விழும். வடக்கே விழுந்த நிழல் தெற்கே போனதைப் பார்த்த பிறகு உலக உருண்டையை எடுங்கள். விளக்கைச் சுற்றி உருண்டையைக் கொண்டுபோகும்போது அச்சின் முனை எப்போதும் வகுப்பின் ஒரே சுவரைப் பார்க்கட்டும். நடக்க நடக்கக் கை தானாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் எல்லா மாதமும் ஒரே பருவமாகிவிடும். சுவரில் ஒரு நட்சத்திரம் ஒட்டி, முனை அதையே பார்க்கிறதா என்று கவனிக்க ஒரு குழந்தையை நிறுத்துங்கள்.

ஏப்ரலில் பள்ளி முடியும்போது சுருள்களை ஓர் உறையில் போட்டு, ஆண்டு, மானி நின்ற இடம், அளந்த நேரம் மூன்றையும் மேலே எழுதுங்கள். ஜூனில் புது வகுப்பு அதே இடத்தில் மானியை நட்டால், ஒவ்வொரு மாத முடிவிலும் போன ஆண்டின் சுருளை எடுத்துப் புதியதன் பக்கத்தில் விரிக்கலாம்.