வடசென்னையிலிருந்து வெளிநாட்டு கார்ப்பரேட் சட்டப் பணிக்கு: தொடங்குபவர்களுக்கான வழிமுறை

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் முதலீடுகளையும் கவனிக்கும் கார்ப்பரேட் சட்டம் என்று பேச்செடுத்தால், அது தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கும் லண்டன் போக வசதியுள்ளவர்களுக்கும் உரியது என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. இந்த எண்ணம் தவறானது. மலேசியா, இந்தோனேசியா, தான்சானியா, கென்யா, வளைகுடா போன்ற வளர்ந்துவரும் சந்தைகளைப் பார்த்தால், இந்தியச் சட்டம் படித்தவருக்கு அங்கே முன்பே கொஞ்சம் இடம் இருப்பது தெரியும். அங்கே போய்ச் சேரும் வழியை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இங்கேயே வழக்கறிஞராகப் பதிவு செய்யுங்கள்

வெளிநாடு போவதுதானே குறிக்கோள், பிறகு பார் கவுன்சில் பதிவு எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. பல நாடுகளும் உங்களைத் ‘தகுதி பெற்ற வழக்கறிஞர்’ என்று ஏற்பதற்கு இந்தப் பதிவைத்தான் கேட்கும். 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொல்லப்பட்ட பதிவுக் கட்டணமான 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கு மேல், மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பணத்தை எண்ணிப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வையும் எழுதி முடியுங்கள்.

ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், பார் கவுன்சிலின் 49 ஆம் விதிப்படி வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பிற்பாடு சில நாடுகளில் ‘எத்தனை ஆண்டு தொழில் செய்தீர்கள்’ என்ற கேள்வி வரும்போது இந்த இடைவெளி கணக்கில் வரும் என்பதால், எப்போது சீனியரிடம் இருப்பது, எப்போது நிறுவனத்துக்கு மாறுவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

இரண்டாம் படி: 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வெளிநாட்டுக் கண்ணோடு படியுங்கள்

முதல் ஆண்டில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் இந்தச் சட்டம்தான் உங்களுடைய முதல் மூலதனம். மலேசியாவின் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதைப் பின்பற்றி எழுதப்பட்டது. தான்சானியாவின் ஒப்பந்தச் சட்டமும் அப்படியே. வங்கதேசத்திலும் மியான்மரிலும் 1872 ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது.

இதை ஒரு பயிற்சியாகவே செய்து பாருங்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் நம்முடைய 27 ஆம் பிரிவையும் மலேசியச் சட்டத்தின் 28 ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம்மிடம் இன்று ஒரே விலக்கு, அதாவது தொழிலின் நற்பெயரை (குட்வில்) விற்பவர் பற்றியது, மட்டும் மீதமிருக்க, மலேசியச் சட்டத்தில் கூட்டாளிகள் பற்றிய இரண்டு விலக்குகள் கூடுதலாக இருக்கின்றன. நம்மிடமும் அவை இருந்தன. 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் வந்தபோது நீக்கப்பட்டன. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தை வாங்கும் முதலீட்டாளர், விற்றவர் அடுத்த சில ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்று நிபந்தனை கேட்டால், அந்த ஷரத்து எந்த அளவுக்கு நிற்கும் என்பதை இந்த இரண்டு பிரிவுகளையும் படித்தவரால் உடனே யோசிக்க முடியும். இதே போல, ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய தொகையை முன்கூட்டியே எழுதிவைப்பது பற்றிய நம்முடைய 74 ஆம் பிரிவையும் மலேசியாவின் 75 ஆம் பிரிவையும் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வேலை கற்றுக்கொள்ளுங்கள்

நம் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு வேறு எவருக்கும் எளிதில் கிடைக்காது. விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் வழக்கறிஞர் அலுவலகங்களும் கப்பல், கிளியரிங் நிறுவனங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு ராஜாஜி சாலையில் இருக்கிறது. கம்பெனி வழக்குகளையும் சரக்கு வழக்குகளையும் நடத்தும் சீனியரிடம் இரண்டு ஆண்டுகள் ஜூனியராக இருப்பது, பெயரளவில் பெரிய நிறுவனத்தில் நகல் சரிபார்க்கும் வேலையைவிட மேலானது என்பது என் கருத்து.

அங்கே கையில் வரும் ஒவ்வொரு கப்பல் வாடகை ஒப்பந்தத்திலும், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கிலும் முதலில் இரண்டு ஷரத்துகளைத் தேடுங்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது ஒன்று. தகராறு வந்தால் எங்கே தீர்த்துக்கொள்வது என்பது இன்னொன்று. சரக்கு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கியிருக்கும், ஒப்பந்தத்தில் ஆங்கிலேயச் சட்டமும் லண்டன் நடுவர் மன்றமும் எழுதியிருக்கும். எல்லை கடந்த சட்டப் பணி எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பும் காட்டாது.

நான்காம் படி: உண்மையான ஒப்பந்தங்களைப் படியுங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் ‘எட்கர்’ தளத்தில், பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செய்துகொண்ட முக்கிய ஒப்பந்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பங்கு வாங்கும் ஒப்பந்தத்தை எடுத்து, முன்நிபந்தனைகள், வாரன்டிகள் (விற்பவர் தரும் உறுதிமொழிகள்), இழப்பீட்டு ஷரத்து என்ற வரிசையில் படித்து, வரையறைகளைத் தேவைப்படும்போது மட்டும் புரட்டிப் பாருங்கள். துறைமுகம், மின்நிலையம், சாலை போன்ற திட்டங்களில் ஆர்வமுள்ளவர்கள் உலக வங்கியின் பொது-தனியார் கூட்டு முயற்சிக்கான சட்ட வள மையத்தில் மாதிரி ஒப்பந்தங்களைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா நாட்டுக்கும் விண்ணப்பிப்பவரை எந்த நாடும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே யார் தொழில் செய்யலாம், எந்த மொழியில் ஒப்பந்தம் எழுத வேண்டும், பெரிய முதலீடுகள் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுங்கள்.

இந்தோனேசியாவைப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே நீதிமன்றத்தில் வாதாட முடியாது. வெளிநாட்டுச் சட்ட நிபுணராக ஓர் உள்ளூர் அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பணியாற்றலாம். 2009 ஆம் ஆண்டின் மொழிச் சட்டம், இந்தோனேசியத் தரப்பு இருக்கும் ஒப்பந்தங்களில் அந்நாட்டு மொழியைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த ஒரு கடன் ஒப்பந்தம் செல்லாது என்று மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. கடன் வாங்கிய நிறுவனமே அந்த வழக்கைப் போட்டது. அங்கே இருமொழி ஒப்பந்தத்தைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு வந்தது இப்படித்தான்.

அபுதாபியின் நிதி மையமான ஏ.டி.ஜி.எம். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தையே நேரடியாக ஏற்றிருக்கிறது, துபாயின் நிதி மையமான டி.ஐ.எஃப்.சி.யின் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் வெளியே உள்ள நீதிமன்றங்களில் மொழி பெரும்பாலும் அரபி. கஜகஸ்தானின் அஸ்தானாவில்கூட ஆங்கிலேயப் பொதுச் சட்ட முறையில் ஒரு நீதிமன்றம் 2018 முதல் இயங்குகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 17 நாடுகள் சேர்ந்த ஒஹாடா அமைப்பில் வணிகச் சட்டம் பெரும்பாலும் பிரெஞ்சில் நடப்பதால், பிரெஞ்சு தெரியாதவர்கள் முதலில் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பார்ப்பது நல்லது.

ஆறாம் படி: கூடுதல் தகுதி

இந்த நாடுகளில் நடக்கும் பெரிய பரிவர்த்தனைகள் பலவற்றிலும் ஆங்கிலேயச் சட்டம் வருவதால், இங்கிலாந்தின் சாலிசிட்டர் தகுதி உதவும். அந்தத் தகுதிக்காக 2021 இல் தொடங்கிய எஸ்.க்யூ.இ. தேர்வு இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் 360 கொள்குறி வினாக்கள் வரும். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கட்டாயம். பிற நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவருக்கு அந்த நிபந்தனை இல்லை. முதல் படியில் பதிவை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பகுதிக்கும் தேர்வுக் கட்டணமே 4,500 பவுண்டைத் தாண்டும். இரண்டாம் பகுதியின் வாய்மொழித் தேர்வுக்கு நேரில் போக வேண்டும்.

கடன் வாங்கி எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் படிக்கப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பட்டம் மட்டும் எங்கேயும் தொழில் உரிமம் ஆகாது. படித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் வேலை பார்த்து, 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்கும், பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்.

ஏழாம் படி: வேலைக் கடிதம் வந்த பிறகு

விசாவில் உங்கள் பதவி என்ன என்று எழுதியிருக்கிறது, உள்ளூர் உரிமத்தை யார் வாங்கித் தருவார்கள், வேலையை விட்டால் அந்த உரிமம் என்னவாகும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பட்டச் சான்றுகளுக்கு மாநில அரசின் சரிபார்ப்பும் வெளியுறவுத் துறையின் முத்திரையும் வேண்டியிருக்கும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், வேலை கிடைக்கும் முன்பே தொடங்குங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி எவராவது முன்பணம் கேட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.