ஆன்டிபயாட்டிக் பக்கவிளைவு: எதைக் கண்டால் நிறுத்துவது, யார் கூடுதலாகக் கவனிப்பது

முதலில் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். அட்டையில் இருக்கும் பெயர்களில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அதன் அருகே அச்சடித்திருக்கும் இன்னொரு பெயர்தான் மருந்து. சிப்ளாக்ஸ், சிஃப்ரான் இரண்டும் சிப்ரோஃப்ளாக்சசின்தான். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆக்மென்டின் என்ற பெயரைப் பார்த்தால் சந்தேகமே வராது. உள்ளே இருப்பதோ பென்சிலின் குடும்பத்து அமாக்சிசிலின். பேதிக்குக் கடையில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தே இருக்கும். உடம்பெல்லாம் தடித்தால் இரண்டில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை தரும்போது, பெயர் இருக்கிற துண்டு பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். வெட்டும் முன் முழு அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில் கேட்டு வாங்குங்கள். காகிதக் கவரில் மடித்துத் தரும் ‘செட் மாத்திரை’ வேண்டவே வேண்டாம். நாளை ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் சொல்ல உங்களிடம் ஒரு பெயரும் இருக்காது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

“எனக்கு அலர்ஜி இருக்கு” என்பது போதாது. எந்த மருந்து, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, என்ன ஆயிற்று, எப்படிச் சரியானது என்று சொல்லுங்கள். மாத்திரை போட்ட அரை மணியில் உதடு வீங்கி மூச்சு முட்டியது வேறு. ஏழாம் நாள் முதுகில் சிவப்புப் புள்ளிகள் வந்து தானே அடங்கியது வேறு. வயிற்றை மட்டும் கலக்கியது அலர்ஜியே இல்லை. மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கினால், நல்ல மருந்து கிடைக்காமல் போகலாம், அல்லது ஆபத்தான மருந்தே மறுபடி கைக்கு வரலாம்.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, முதுகுவலி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, கடைசியாக எடுத்த ரிப்போர்ட் இருந்தால் அதுவும். பல ஆன்டிபயாட்டிக்குகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் சுணங்கினால் வழக்கமான அளவே உடம்பில் தேங்கி, அதிக அளவாகிவிடும்.

முதல் ஒரு மணி நேரம்

உயிரைப் பறிக்கும் அலர்ஜி பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில், மாத்திரையானால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். உள்ளங்கையில் அரிப்பு, உடம்பில் தடிப்பு, நாக்கு தடித்தல், தொண்டை இறுகி குரல் மாறுதல், இரைப்பு, வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருதல். தோலில் ஒன்றுமே இல்லாமல் பிரஷர் மட்டும் விழுவதும் உண்டு.

ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்த மாத்திரத்தில் இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து மயங்கி விழுவார்கள். 108-ஐ அழையுங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜிக்குப் போடும் அவிலும் ஸ்டீராய்டும் அரிப்பை அடக்கலாம், அட்ரினலினுக்கு மாற்று ஆகாது. தேறியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் கிளினிக்கிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். ‘டெஸ்ட் டோஸ்’ போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உத்தரவாதம் இல்லை.

சூடு என்றும் அம்மை என்றும் நினைத்துவிடும் நோய்

கோ-ட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகளிலும், அபூர்வமாகப் பிற ஆன்டிபயாட்டிக்குகளிலும், தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும். மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாளுக்குள் வருவதே வழக்கம். அதாவது கோர்ஸ் முடிந்த பிறகும் வரலாம். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். பிறகு வாயிலும் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் புண். தோலைத் தொட்டாலே வலிக்கும், கருஞ்சிவப்புத் திட்டுகள் எழும்பும், அடுத்து கொப்புளம்.

நம் ஊரில் இரண்டு நாள் வீணாவது இங்கேதான். வாய்ப்புண்ணை ‘மாத்திரை சூடு’ என்று மோர் குடித்துப் பார்ப்பார்கள். கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மை என்று வேப்பிலையில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார்கள். அடையாளம் இது: கடந்த ஒரு மாதத்தில் புது மருந்து தொடங்கியிருக்கிறார், காய்ச்சலோடு கண், வாய், பிறப்புறுப்பில் இரண்டு இடத்திலாவது புண், தோலில் வலி. இருந்தால் அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். தோல் பிரிவும் ஐசியுவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள். கோர்ஸை முடிக்காமல் நிறுத்தக்கூடாது என்ற விதி இந்த இடத்தில் செல்லாது. அந்த மருந்தை ஆயுளுக்கும் தொடக்கூடாது.

இதன் உறவுக்காரன் ஒன்று இன்னும் தாமதமாக, 2 முதல் 8 வாரத்தில் வரும்: காய்ச்சல், முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, நெறிகட்டுதல், கூடவே கல்லீரல் பாதிப்பு.

சிப்ரோ, லீவோ, ஆஃப்ளாக்ஸ் குடும்பம்

சாதாரணச் சளிக்கும் நீர்க்கடுப்புக்கும் தாராளமாகக் கைமாறும் ஃப்ளோரோகுயினலோன்கள் இவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இவற்றின் அட்டைக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்த்தது: தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்துபோகலாம். 2016-ல், சிக்கலில்லாத சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் அழற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருந்தால் இதைத் தரவேண்டாம் என்றது. 2018-ல் சர்க்கரை திடீரென இறங்குவது, மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிவது பற்றிய எச்சரிக்கைகளும் சேர்ந்தன.

பெரும்பாலும் அடி வாங்குவது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண். மருந்து தொடங்கிய முதல் சில நாளிலும் வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். ‘நரம்பு பிடிச்சிருக்கு’ என்று தைலம் போட்டு உருவிவிடுவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. நொய்ந்த நாண் அதில் அறுந்துவிடும். குதிகாலில் வலியோ வீக்கமோ வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்தக் காலை ஊன்றாமல் வைத்துக்கொண்டு, வேறு ஆன்டிபயாட்டிக் கேளுங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கைகால் எரிச்சல், மதமதப்பு, தூக்கம் கெடுதல், வயதானவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுதல் ஆகியவையும் நிறுத்த வேண்டிய அறிகுறிகள்தான். கிளிமிபிரைடு போடும் சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டைத் தவிர்க்காமல் சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள்.

முதுகுப் பிடிப்புக்குத் தரும் டிசானிடினோடு சிப்ரோ சேரவே கூடாது. டிசானிடினைக் கல்லீரல் சிதைப்பதை சிப்ரோ தடுக்கும்; ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, பிரஷர் விழுந்து ஆள் சாய்ந்துவிடுவார். காபியும் அதே பாதையில்தான் சிதைகிறது. சிப்ரோ போடும் நாட்களில் வழக்கமான இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். ஜெலுசில், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் சிப்ரோவை வயிற்றிலேயே கட்டிப்போடும். அவற்றைச் சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்பாக அல்லது 6 மணி நேரம் கழித்து சிப்ரோவைப் போடுங்கள். வெறும் பாலிலோ தயிரிலோ விழுங்க வேண்டாம்.

ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை

காரணத்தில் பாதி பிறப்பிலேயே இருக்கிறது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்தவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின், டாப்சோன் போன்றவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களிடம் அதிகம். தொடங்கிய ஓரிரு நாளில் சிறுநீர் கடுங்காபி நிறமாகும், கண் மஞ்சளிக்கும், மூச்சு வாங்கும். சோதனையை மருந்து தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். அணுக்கள் உடைந்த கையோடு செய்தால் ‘நார்மல்’ என்று தப்பாக வரக்கூடும்.

ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் காதையும் சிறுநீரகத்தையும் பாதிப்பவை. மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதி) ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு சரியான அளவில் கொடுத்தாலும் காது போய்விடலாம். அது தாய்வழியாக மட்டுமே வரும். எனவே அம்மா, மாமா, அம்மாவைப் பெற்ற பாட்டி என்று அந்தப் பக்கம் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஊசி ஓடும்போது காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும், போன கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

காசநோய்க்கான ஐசோனியாசிடைச் சிலர் உடம்பு வேகமாகச் சிதைக்கும், சிலருடையது மெதுவாக. மெதுவானவர்களுக்குப் பாத எரிச்சல் கூடுதல். கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தருவது அதைத் தடுக்கத்தான். ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் வாந்தியோடு கண் மஞ்சளித்தால், எத்தாம்புட்டால் சாப்பிடும்போது சிவப்பும் பச்சையும் மங்கினால், அன்றே காசநோய் மையத்துக்குப் போங்கள்.

மீதிப் பாதி, கூட ஓடும் மருந்துகள். இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோலோ கோ-ட்ரைமாக்சசோலோ சேர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் குறையும்; 3 முதல் 5 நாளில் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பாருங்கள். கிளாரித்ரோமைசினோடு கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசை சிதையலாம். பிரஷருக்கு டெல்மிசார்டன் போடும் சிறுநீரக நோயாளிக்கு கோ-ட்ரைமாக்சசோல் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அவர் ‘சூடு தணிய’ பொட்டாசியம் நிறைந்த இளநீரும் குடித்தால் அது மேலும் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

பேதி, தொண்டை, மஞ்சள்

லேசான பேதி பல ஆன்டிபயாட்டிக்குகளில் வரும். நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போய், கூடவே காய்ச்சல், வயிற்று வலி, ரத்தம் இருந்தால் அது வேறு, பெருங்குடல் தொற்றாக இருக்கலாம். மருந்து முடிந்து இரண்டு மூன்று மாதம் வரைகூட வரலாம். லோப்பராமைடு போட்டுப் பேதியைக் கட்டாதீர்கள். ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே டாக்டரைப் பாருங்கள்.

டாக்சிசைக்ளினை முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆக்மென்டின் வகை முடிந்து சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை வந்தாலும் அந்த மருந்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு

மருந்தின் பெயர், மி.கி., தொடங்கிய தேதி, அறிகுறி வந்த தேதி, அப்போது கூடவே சாப்பிட்ட மருந்துகள். இவற்றை எழுதி, தடிப்பைப் படமெடுத்து வையுங்கள். மூன்று நாளில் மறையும் தடிப்புக்கு அந்தப் படம்தான் சாட்சி. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மருந்து அலர்ஜி’ என்று மட்டும் இருந்தால் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது; நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகப் புகார் சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும்.

சின்ன வயதில் எழுதிவைத்த ‘பென்சிலின் அலர்ஜி’யை அப்படியே விட்டுவைக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையாகச் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. அலர்ஜி நிபுணரிடம், அவசர வசதி உள்ள ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொள்ளலாம். தோல் உரிந்தவர்களுக்கும், தடிப்போடு கல்லீரல் பாதித்தவர்களுக்கும் மட்டும் இந்தச் சோதனை கூடாது.