காலண்டரில் ஒரு வட்டம்: பேப் ஸ்மியருக்கும் கருத்தரிப்புக்கும் நாள் கணக்குப் பார்ப்பது எப்படி

கிளினிக்கில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதுதான். பேப் ஸ்மியருக்கு (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை) நாள் குறிப்பது, கரு தங்கும் நாட்களைக் கணக்கிடுவது, ரத்தப் பரிசோதனைக்கு எப்போது போவது எல்லாமே அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டியவை. ஆனால் "போன பௌர்ணமிக்கு முன்னாடி" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரீபேங்க் பக்கம் தமிழ் வீடுகளில் சமையலறைச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கும். அமாவாசையும் கிருத்திகையும் குறித்திருக்கும் அந்தக் கட்டங்களிலேயே உங்கள் தேதிக்கும் ஒரு சின்ன வட்டம் போடுங்கள். ஆறு மாதம் போட்டால் போதும், உங்கள் உடம்பின் கணக்கு தெரிந்துவிடும்.

லேசாகக் கறை பட்ட நாள் கணக்கில் வராது. ஒழுங்காக உதிரம் போகத் தொடங்கிய நாளே முதல் நாள். அங்கிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்திய நாள் வரை ஒரு சுற்று. 21 முதல் 35 நாள் வரை இருந்தால் இயல்பு. எல்லோருக்கும் 28 என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். மணிக்கு ஒரு பேட் நனைவது, எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, இரண்டு விலக்குக்கு நடுவே உதிரம் படுவது, உறவுக்குப் பிறகு படுவது, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டாவது படுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.

காவடிக்கு முன் போடும் மாத்திரை

தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும், புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் விழாவுக்கும் விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கேட்கும் பெண்கள் நிறையப் பேர். அது நோரெதிஸ்டெரோன். வழக்கமாக 5 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று முறை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். விழாவுக்கு முந்திய நாள் தொடங்கினால் வேலை செய்யாது; விரதத்தின் நடுவில் உதிரம் படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இப்படிப் போடும்போது இது கருத்தடை மாத்திரை ஆகாது. காலில் அல்லது நுரையீரலில் ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் போடக் கூடாது. அக்கா வைத்திருந்த மிச்சத்தை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்த மாத வட்டத்துக்குப் பக்கத்தில் "மாத்திரை" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் சுற்றுக் கணக்கு தப்பாகிவிடும்.

பேப் ஸ்மியர்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ், உறவு கொண்ட பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வந்துபோகிறது. இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். போகாமல் தங்கிவிட்டால் அணுக்கள் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முற்ற 10, 15 ஆண்டு ஆகும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதைவிட விரைவாக. அந்த இடைவெளியில் பிடித்துவிடுவதற்குத்தான் பேப் ஸ்மியர். வலியே இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய சோதனை இது, வலி வந்தபின் போவது பிந்திய வேலை.

தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் 30 வயது முதல் பத்தாண்டுக்கு ஒன்றாக, மூன்று முறை இலவசம். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, அது தெரிந்த நாளிலிருந்தே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. காசு கொடுத்துத் தனியாரிடம் போனால் அதைவிட அடிக்கடி செய்துகொள்ளலாம். கல்யாணம் செய்துகொண்ட ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் இது வேண்டும்; ஒழுக்கத்துக்கும் இந்தச் சோதனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காலண்டரைப் பாருங்கள். முதல் நாளிலிருந்து 10 முதல் 20-ஆம் நாளுக்குள் போவது நல்லது. அதற்கு முந்திய 48 மணி நேரம் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்து வேண்டாம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். டெட்டால் கலந்து கழுவும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விடுங்கள்.

மேசையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி அகற்றி வைக்கச் சொல்வார்கள். வாத்து அலகு போன்ற ஸ்பெக்குலம் உள்ளே போகும். அந்தக் கணத்தில் மூச்சை அடக்காமல் வாயால் மெல்ல வெளியே விடுங்கள். வயிறு இளகினால் வலி குறையும். சின்ன அளவு வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு ஒரு பிரஷ் அல்லது மரக்கரண்டியைக் கர்ப்பப்பை வாயில் வைத்துச் சுழற்றி, கண்ணாடித் தகட்டில் தடவி, உடனே ஸ்ப்ரே அடிப்பார்கள். அந்த ஸ்ப்ரேதான் உயிர்நாடி. சில நொடி தாமதித்தாலே அணுக்கள் காற்றில் காய்ந்து சுருங்கி, ஆய்வுக்கூடத்தில் வாசிக்க முடியாமல் போகும். "போதுமான அளவில் இல்லை" என்ற முடிவு வருவதற்கு இதுவும், உதிரம் கலந்திருப்பதும் முக்கியக் காரணங்கள். அது புற்றுநோய் என்ற பொருள் அல்ல, திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான். மொத்தமும் ஐந்து நிமிடம். அன்று லேசாகக் கறை படலாம்.

முடிவு என்ன சொல்கிறது? இயல்பு என்றால் அடுத்த தேதிவரை நிம்மதி. ஆஸ்கஸ், எல்.எஸ்.ஐ.எல். என்றால் லேசான மாற்றம். வழக்கமாக ஓராண்டில் மறுபடி எடுப்பார்கள், ஹெச்.ஐ.வி. உள்ளவர்களை முன்னதாகவே மேல் சோதனைக்கு அனுப்பலாம். ஹெச்.எஸ்.ஐ.எல். என்றால் தீவிரமான மாற்றம், அதற்குக் கோல்போஸ்கோபி: பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, மாறிய பகுதியைக் கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். கர்ப்பப்பையை எடுப்பதில்லை, பிள்ளை பெறவும் முடியும். "ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிவு எப்போது வரும் என்று கேட்டு, அந்தத் தேதியையும் காலண்டரில் போட்டு, நீங்களே போய்த் தாளை வாங்குங்கள்.

2014 முதல் அரசுப் பள்ளிகளில் 9 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது; முதலில் நான்காம் வகுப்பில் போட்டார்கள், இப்போது ஐந்தாம் வகுப்பில். வீட்டுக்கு வரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஊசி போட்ட பெண்ணுக்கும் பின்னாளில் பேப் ஸ்மியர் உண்டு.

கரு தங்கும் நாட்கள்

கருமுட்டை 14-ஆம் நாளில் வெளியாகும் என்பது 28 நாள் சுற்றுக்காரர்களுக்கு மட்டும் பொருந்தும். அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு என்பதே சரி. 35 நாள் சுற்றானால் அது 21-ஆம் நாள் பக்கம். முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்திய ஐந்து நாளும் அந்த நாளும் முக்கியம். ஆறு மாத வட்டங்களில் மிகக் குறுகிய சுற்றிலிருந்து 18-ஐயும், மிக நீண்டதிலிருந்து 11-ஐயும் கழியுங்கள். 26-ம் 32-ம் என்றால் 8 முதல் 21-ஆம் நாள் வரை. அதற்குள் ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். இரண்டு விரலால் தொட்டு விரித்தால் அறுபடாமல் முட்டை வெண்கரு போல நீளும் வெள்ளை வந்தால் மிக நெருங்கிவிட்டது என்று அர்த்தம். முட்டை வரும் நாளைக் காட்ட மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ப் பட்டை, பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வராத நிலை) உள்ளவர்களுக்குப் பொய்யாக மாறிக்காட்டும். அதை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம்.

கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 9, 10 மாதம் ஆவது சாதாரணம். ஊசி மலடாக்கவில்லை, மருந்து இறங்க நாளாகிறது.

35 வயதுக்குக் கீழே ஓராண்டு, 35-க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் டாக்டரிடம் போகலாம். 40 தாண்டினாலோ, சுற்று ஒழுங்கில்லாமல் இருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். போகும்போது கணவரும் கூடப் போக வேண்டும். மருமகளை மட்டும் கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலைய விடுவது அநியாயம். குறை அவரிடமும் இருப்பதற்குச் சமமான வாய்ப்பு உண்டு. எல்லாவற்றிலும் எளிய சோதனை விந்துப் பரிசோதனைதான், அதை முதலில் செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, சுத்தமான டப்பாவில் எடுத்து, சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வழியிலே கொஞ்சம் சிந்தினாலும் சொல்லிவிடுங்கள், முதல் துளியில்தான் அணுக்கள் அதிகம். ஒரு முடிவு குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகிறது.

முட்டை வெளியானதா என்று பார்க்க உங்களுக்கு "21-ஆம் நாள்" புரோஜெஸ்டெரோன் என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதுவும் 28 நாள் கணக்கு. 35 நாள் சுற்றுக்கு 28-ஆம் நாள் போக வேண்டும், அதாவது அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு. தப்பான நாளில் எடுத்து, முட்டையே வரவில்லை என்று மருந்து தொடங்கியவர்கள் உண்டு. கருக்குழாய் எக்ஸ்ரேயை உதிரம் நின்றபின், முட்டை வெளியாகும் முன் எடுப்பார்கள். குழாய் அடைபடுவதற்குப் பால்வினைத் தொற்று ஒரு காரணம். காசநோயும் ஒரு காரணம் என்பதை இந்த நாட்டில் மறக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் "பிள்ளைப்பேறுக்குக் கிடையாது" என்ற முதல் பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை), மெடிக்கல் எய்ட் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயப் பலன்களில் இல்லைதான். ஆனால் ரத்தப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்பராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) எல்லாம் 902எம் என்ற எண்ணின் கீழ் வரும் கட்டாயப் பலன்கள். அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

முயலத் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை போடத் தொடங்குங்கள், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக. 2003 முதல் இங்கே மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் அது சேர்க்கப்படுகிறது, இருந்தாலும் மாத்திரைக்கு அது ஈடாகாது. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் சர்க்கரையையும் முன்பே பாருங்கள். கரு உருவாகும் முதல் வாரங்களில் சர்க்கரை ஏறியிருந்தால் பிள்ளையின் இதயத்தையும் தண்டுவடத்தையும் அது பாதிக்கும், அப்போது பலருக்குக் கர்ப்பமே தெரிந்திருக்காது.

வட்டம் தள்ளிப்போய், சோதனையும் கர்ப்பம் என்று காட்டி, அடிவயிற்றின் ஒரு பக்கம் குத்தினால், தலை சுற்றினால், தோள்பட்டை நுனி வலித்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். உதிரம் கொஞ்சமாகத்தான் படும், உள்ளே நிறையப் போய்க்கொண்டிருக்கும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. கடைசி முதல் நாளின் தேதியைச் சொல்லுங்கள்.