பொறுப்பு கைக்கு வந்ததும் நாம் செய்கிற தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்குப் பொறுப்பு வர பதவி எதுவும் வேண்டாம். சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கச் சொல்வார்கள். கோயில் வசூல் நோட்டைக் கையில் கொடுப்பார்கள். கடையில் இரண்டு பையன்களைச் சேர்த்துவிட்டு, "பார்த்துக்கப்பா" என்று மாமா கிளம்பிவிடுவார். இங்கே படிகிற பழக்கம்தான் பின்னால் ஆபீஸிலும் கூடவே வருகிறது. அதில் எனக்குப் பெரிய தவறாகப் படுவது, வேலையைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்வது.

பந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிப்பவர் எல்லா இலையும் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டியவர். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் சோற்றில் குழி பறித்துக்கொண்டு சாம்பாருக்குக் காத்திருக்கிறார். வாளி வைத்திருக்கிற பையன் அவரைப் பார்க்காமல் எதிர்வரிசைக்குத் திரும்பிவிட்டான். புதிதாக விசாரிக்க வந்தவர் என்ன செய்வார்? "குடுடா இங்கே" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓடுவார். பெரியவருக்குச் சாம்பார் கிடைத்துவிடும், சரி. அதற்குள் முதல் வரிசை ரசத்துக்குக் காத்திருக்கும், கடைசி வரிசையில் தண்ணீர் வைத்திருக்க மாட்டார்கள், அடுத்த பந்திக்கு எத்தனை பேர் என்று சமையல்கட்டுக்குச் சொல்ல ஆளிருக்காது. பையனுக்கு நாலு பேர் முன்னால் அவமானம்தான் மிச்சம். எந்த இலையை விட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. பழகினவர் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெரியவரின் இலையைக் கண்ணால் காட்டுவார். பந்தி எழுந்த பிறகு தனியாக அழைத்து, "ஒரு வரிசையை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போப்பா" என்பார். அவ்வளவுதான்.

இந்தப் பாடம் செட்டிநாட்டுக்குப் புதிதும் இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்த முதலாளிகள் பலர் ஊரிலேயே இருந்தார்கள். அங்கே கடையை நடத்தியவர் ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்று வருடம் அவருக்குத் தவணை. யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை அவரே முடிவுசெய்ய, முதலாளி அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். கடிதம் கப்பலில் போய்வர வேண்டிய காலத்தில், ஒவ்வொன்றுக்கும் கேட்டுச் செய்ய வழியே இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் விடவில்லை. கணக்கு ஊருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்க வேண்டும். இன்று நம்மிடம் வாட்ஸப் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "என்னாச்சு?" என்று கேட்கிறோம், மாசக் கணக்கை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். அவர்கள் செய்ததற்கு நேர் தலைகீழ்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளும் இதே ஏற்பாடு இருந்தது. மகனுக்குக் கல்யாணமானால், அதே பெரிய வீட்டுக்குள் அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு. 'வேறு வைப்பது' என்பார்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று பணமோ சாமானோ கொடுத்து, சின்ன வயதிலேயே குடும்பத்தை அவர்கள் கையில் விட்டுவிடுவார்கள். மாமியார் ஆச்சிக்கு அந்தச் சட்டியை எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்காமலா இருந்திருக்கும்!

இன்னொரு தவறு, அடிவேலை தெரியாமல் மேலே உட்கார்வது. ஏஜெண்டு ஆனவர் பலர் பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போனவர்கள்தான். கடையைக் கூட்டி, எடுபிடி செய்து, கடிதத்தை நகல் எடுத்து, கணக்கு பழகி, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் 'அடுத்தாள்' ஆகி, அதற்குப் பிறகுதான் அந்த இடம். நம்மில் பலர் தன்னை வளர்த்துக்கொள்ள விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சுயமுன்னேற்ற வீடியோ பார்க்கிறோம். கடையில் சரக்கு இறக்கி அடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் தெரியாது. ஒரு வாரம் பையன்களோடு நின்று இறக்கிப் பாருங்கள். யாரை எதற்குத் திட்டக் கூடாது என்பது தானாகத் தெரியும்.

அடுத்தது பரம்பரைப் பெருமை. தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் காட்டி, "எங்க ஐயா காலத்துல" என்று ஆரம்பிப்பவர்கள், அந்தச் செல்வம் போன கதையை இளையவர்களிடம் சொல்வதே இல்லை. 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது, அந்த நிலத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. போட்டதில் பெரும்பகுதி ஒரே நாட்டில் இருந்ததால் வந்த வினை இது. கடைக்கு வாரிசாக வருகிற பையனுக்கு வெற்றிக் கதையைவிட இதுதான் அதிகம் பயன்படும்.

நேர விஷயத்தில் நமக்குச் சமாதானம் எளிது: "நம்ம ஊர்ல அப்படித்தான்." காரைக்குடியில் 1939-ல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் நேரத்தில் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். அவரும் நம்ம ஊர்தானே! தாமதமாக வருபவருக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவரைத்தான் தண்டிக்கிறோம். ஆறு மணிக் கூட்டத்தை நாலு பேர் இருந்தாலும் ஆறுக்குத் தொடங்குங்கள். பிந்தி வருபவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருக்காக முதலிலிருந்து திரும்பச் சொல்லவும் வேண்டாம்.